அருவிப் படம் போட்ட நூலகம்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நூலகத்தில் புத்தகங்களைத் தூசி தட்டி அடுக்குவது என் வேலை. இருக்கிற புத்தகங்களுக்கே அலமாரியில் இடம் போதவில்லை. அதில் நானும் நாலு தாள் எழுதிச் சேர்ப்பது அதிகப்படி என்று எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்பு வரை படித்தேன், பாஸ் ஆனேன், அதற்கு மேல் வீட்டில் அந்தப் பேச்சே எழவில்லை. கட்டுரை என்று நான் கடைசியாக எழுதியது பள்ளிக்கூடத்தில்தான். எங்கள் வாசகர் வட்டத்தார் சின்னதாக ஒரு மலர் போடப் போகிறோம், ஆளுக்கு ஒன்று எழுதிக் கொடுங்கள் என்றார்கள். முடியாது என்று சொல்ல வேண்டுமானால் அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று வாயைத் திறக்க வேண்டும். அதற்கு எழுதிவிடுவதே மேல் என்று பட்டது.

நான் பேசப் பயந்தவள். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்த பிறகும், சத்தம் கொடுத்து நிறுத்தச் சொல்லத் தயங்கி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வந்திருக்கிறேன். இப்படிப்பட்டவளுக்கு நூலக வேலை கிடைத்தது பெரிய காரியம். அங்கே பேசாமல் இருப்பதுதான் ஒழுங்கு. என் சுபாவத்தையே ஒரு சட்டமாக்கிச் சுவரில் எழுதி மாட்டியிருந்தார்கள்.

எங்கள் நூலகம் தென்காசியில், குற்றாலம் போகிற ரோட்டில் இருக்கிறது. சீசன் வந்துவிட்டால் செங்கோட்டைப் பக்கமிருந்து காற்று அடித்துக்கொண்டே இருக்கும். கூடவே சாரலும் வரும். ஜன்னலை அடைத்தால் புழுக்கம், திறந்தால் புத்தகமெல்லாம் நமுத்துப்போகும். அந்த மாதங்களில் புத்தகத்தைக் கையில் எடுத்தால் அப்பளம் போல் வளையும்.

இப்படி இருந்த இடத்துக்குத்தான் புது நூலகர் வந்தார். என்னைவிட வயதில் மிகவும் இளையவர். பண்பொழியிலிருந்து பைக்கில் வருவார். அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை சார் என்பேன். அவர் வந்த பிறகு புத்தகம் ஒவ்வொன்றுக்கும் கோடு போட்ட ஒட்டுத்தாள் ஒட்டினோம். அந்தக் கோட்டை ஒரு கருவி பார்த்து, புத்தகம் யார் கையில் இருக்கிறது என்று கம்ப்யூட்டரில் சொல்லிவிடும். சாரல் காலத்தில் பசை பிடிக்காமல் ஒட்டுத்தாள்கள் உதிர்ந்து, பெருக்கும்போது விளக்குமாற்றோடு வந்தன. வெயில் எட்டிப் பார்க்கிற நேரத்துக்காகக் காத்திருந்து ஒட்டினோம். பக்கத்து அறையில் கம்ப்யூட்டர்களை வைத்து, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளை உட்காரவைத்தார். பத்திரிகைகள் படிக்கப் பலகை மாதிரி இரண்டு மூன்று டேப்லெட்டுகளும் வந்தன.

டேப்லெட்டை முதலில் எதிர்த்தவர் எங்கள் ஏட்டையா. ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டு. காலையில் கதவு திறக்கும் முன்பே வந்து படியில் நிற்பார். பேப்பரை விரித்தால் கடைசிப் பக்கம் வரை விடமாட்டார்.

"இதுல எழுத்து எறும்பு மாதிரி இருக்கு. இத வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?" என்றார்.

"ரெண்டு விரல வச்சு விரிங்க ஐயா, பெருசாகும்" என்றார் நூலகர்.

ஏட்டையா லத்தியைப் பிடித்த விரல்களால் ஓங்கி விரித்தார். திரை முழுக்க ஒரே ஒரு 'கு' வந்து நின்றது.

"ஏ யப்பா! குனா மட்டும் நிக்கி. மிச்சச் செய்தி எங்கன போச்சு?"

படிக்கிற பிள்ளைகள் புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டு சிரித்தார்கள். ஒரு வாரத்தில் அவருக்கு அது பழகிவிட்டது. கண்ணாடியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு டேப்லெட்டில்தான் படித்தார். யாராவது அதை எடுத்துவிட்டால், "என் பலகைய எவன் எடுத்தான்?" என்று தேடினார்.

இவ்வளவு செய்தும் வெளியே யாருக்கும் தெரியவில்லையே என்று நூலகருக்கு ஒரு குறை. அதனால் செல்போனில் வழி காட்டுகிற மேப்பில் எங்கள் இடத்தைச் சேர்த்தார். புதுப் பிரிவுக்கு வாசலில் எழுதியிருந்தபடி 'தகவல் சேவை மையம், குற்றாலம் ரோடு' என்று பெயர் கொடுத்தார், நூலகத்து போன் நம்பரையும் கொடுத்தார். ஒரு படம் போடச் சொல்லி அது கேட்டது. எங்கள் கட்டிடம் மழையில் சுண்ணாம்பு உதிர்ந்து, முன்னால் டீக்கடைத் தார்ப்பாய் தொங்க, படத்துக்கு ஆகாது. அவரிடம் மெயின் அருவி பொங்கி விழுகிறபோது தானே எடுத்த நல்ல படம் ஒன்று இருந்தது. அதைப் போட்டுவிட்டார்.

எங்கள் ஊரில் இது ஒரு விசேஷமே இல்லை. அல்வாப் பெட்டியில் அருவிப் படம் இருக்கும். ஜவுளிக்கடைப் பையில் இருக்கும். கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை பெண்ணுக்குப் பின்னால் இருக்கும். பல் டாக்டர் வீட்டுச் சுவரிலும் இருக்கும். அந்தப் படத்தைப் பார்த்து எங்களில் யாரும் அருவியை நினைப்பதில்லை. நம்ம ஊர்க் கடை என்று தெரிந்துகொள்வோம், அவ்வளவுதான். நூலகர் எங்களிடமும் காட்டினார். எல்லாரும் "கொள்ளாம், நல்லாருக்கு" என்றோம். ஒருவருக்கும் உறைக்கவில்லை.

சாரல் தொடங்கிய புதிதில் ஒரு நாள் போன் அடித்தது. நூலகர் கம்ப்யூட்டர் அறையில் இருந்தார். நான் அலமாரி துடைத்துக்கொண்டிருந்தேன். அடித்து ஓயட்டும் என்று விட்டேன். ஓய்ந்து, மறுபடி அடித்தது.

ஏட்டையா டேப்லெட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "ஏம்மா, அது அழுதுக்கிட்டே கெடக்கு. எடுக்கப்பிடாதா?"

எடுத்தேன். ஓர் ஆண் குரல், பின்னால் வண்டிச் சத்தம். "ஹலோ, குற்றாலமா? தண்ணி விழுதுங்களா?"

"இது லைப்ரரிங்க" என்றேன்.

"சரிங்க. தண்ணி விழுதுங்களா?"

கையால் போனை மூடிக்கொண்டு ஏட்டையாவைப் பார்த்தேன். "தண்ணி விழுதான்னு கேக்காவ."

"விழுதுன்னு சொல்லு. பின்ன, கீழருந்து மேலயா போவும்?"

நான் அப்படியே "விழுது" என்று சொல்லி வைத்துவிட்டேன். உண்மையில் விழுகிறதா என்று எனக்குத் தெரியாது.

அன்று முதல் போன் ஓயவில்லை. குளிக்க விடுகிறார்களா, கூட்டம் எப்படி, கார் நிறுத்த இடம் உண்டா, ரம்புட்டான் பழம் வந்துவிட்டதா என்று கேட்டார்கள். நூலகர் மேப்பைத் திறந்து பார்த்தபோதுதான், பெயரையும் அருவிப் படத்தையும் பார்த்து எங்களைக் குற்றாலத்துத் தகவல் மையம் என்று நினைத்திருக்கிறார்கள் என்பது விளங்கியது. திருத்தக் கோரி எழுதிப் போட்டார். பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது. அருவிப் படத்தை எடுத்துவிட்டார். ஆனால் அதற்குள் வெளியூர்க்காரர்கள் தலையில் துண்டு கட்டிக்கொண்டு தாங்கள் அருவியில் நிற்கிற படங்களை எங்கள் பெயருக்குக் கீழே வரிசையாகப் போட்டிருந்தார்கள். 'தண்ணீர் அருமை, கூட்டம் அதிகம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'எண்ணெய் தேய்க்கிறவர்கள் தொந்தரவு, நிர்வாகம் கவனிக்க வேண்டும்' என்று இன்னொருவர். ஏட்டையா அதைப் பெரிதாக்கிச் சத்தமாகப் படித்துவிட்டு நூலகரைப் பார்த்து, "நிர்வாகம் என்ன செய்யப் போவுது?" என்றார்.

நூலகர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, தகவல்னு நாமளே போர்டு வச்சிருக்கோம். ஒருத்தன் வந்து தகவல் கேட்டா, போடான்னு சொல்ல முடியுமா? விசாரிச்சுச் சொல்லுவோம். நீங்க பாத்துக்கிடுங்க."

"சார், நான் மாடில பழைய பேப்பர் கட்டெல்லாம் பிரிச்சு அடுக்குதேன் சார்."

"அது ஓடியா போயிரும்?"

"எனக்குப் பேச வராது சார்."

"போன்ல யாரு அக்கா மூஞ்சியப் பாக்கப் போறா? ஒண்ணு மட்டும் செய்யுங்க. எதச் சொன்னாலும் எப்பப் பாத்த நிலவரம்னு சேத்துச் சொல்லுங்க. தெரியலன்னா தெரியலன்னு சொல்லிருங்க."

விசாரிக்க எனக்கு இரண்டு வழிதான் இருந்தன. ஒன்று செல்போன். அருவி வீடியோ அதில் கொட்டிக் கிடக்கும். ஆனால் பாதிக்கு மேல் பழையது. எந்த வருடமோ வந்த வெள்ளத்தை எடுத்து, இன்று காலை என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். முதலில் எங்கே எப்போது போட்டது என்று தேடிப் பார்க்க நூலகர் காட்டிக்கொடுத்தார். இன்னொரு வழி என் மதினி. அண்ணன் மனைவி. ஐந்தருவிக்குப் போகிற பாதையில் பழக்கடை போட்டிருக்கிறாள். நான் பேசாத பேச்சையெல்லாம் சேர்த்துப் பேசுகிறவள்.

"ஏட்டி, காலைலதான் சொன்னேன். அதுக்குள்ள அருவி என்ன இடம் மாறியா போவும்?" என்பாள். "ஆம்பளையாளுவ பக்கம் நல்லா விழுது. பொம்பளையாளுவ பக்கம் கொஞ்சம் கம்மி. போதுமா? இதுக்கு ஒரு ஆபீஸு, அதுல ஒரு கம்ப்யூட்டரு. கடைசில எங்கிட்ட கேட்டுச் சொல்லுதா."

ஆனால் ஒரு தடவைகூட அவள் பார்க்காமல் சொன்னதில்லை. கடையைப் பக்கத்து ஆளிடம் சொல்லிவிட்டு எட்டிப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். நான் அதை வாங்கி, "பதினொரு மணி நிலவரம்" என்று சேர்த்துச் சொல்வேன். சொல்லச் சொல்ல எனக்குப் பிடித்துப்போனது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. முகம் தெரியாதவர்களிடம் பேசுவது இவ்வளவு எளிது என்று இத்தனை வயதுக்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். "நன்றிங்க" என்று யாராவது சொன்னால் அன்று பெருக்குவதுகூட வேகமாக நடந்தது.

அப்படி இருக்கையில்தான் அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு பெண் பேசினாள்.

"அக்கா, ஞாயித்துக்கெழமை தண்ணி விழுமாக்கா?"

அன்று செவ்வாயோ புதனோ. "ஞாயித்துக்கெழமைய இன்னைக்கே எப்படிம்மா சொல்ல?" என்றேன்.

அவள் வைக்கவில்லை. விஷயத்தைச் சொன்னாள். அவள் அப்பா மில்லில் வேலை பார்த்தவர். சீசன் தவறாமல் கூட்டாளிகளோடு குற்றாலம் வருவார். போன வருடம் வாதம் வந்து ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டன. இப்போது கொஞ்சம் தேறி, பிடித்துக்கொண்டு நிற்கிறார். என்ன வேண்டும் என்று கேட்டால், அருவியில் ஒரு தடவை தலையைக் கொடுக்க வேண்டும் என்கிறார். வேறு எதுவும் கேட்பதில்லை. டாக்டரிடம் கேட்டாயிற்று. கொஞ்ச நேரம் என்றால் பரவாயில்லை, பலமாக விழுகிற இடம் வேண்டாம் என்றாராம். அவரைத் தூக்கி இறக்க அவள் ஒருத்தியால் முடியாது. தம்பி ராணுவத்தில் இருக்கிறான், லீவில் வந்திருக்கிறான். உறவில் ஒரு கல்யாண வேலையாக அலைகிறான். அவனுக்கு ஓய்கிற நாள் ஞாயிறு ஒன்றுதான். அன்று இரவே மதுரையில் அவனுக்கு ரயில். அதை விட்டால் அடுத்த லீவு எப்போதோ.

"அப்பா அதுவரைக்கும் இருப்பாரான்னு தெரியாதுக்கா" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

அதன் பிறகு தினமும் பேசினாள். நானும் மதினியைக் கேட்டுக் கேட்டுச் சொன்னேன். வியாழன், வெள்ளி நல்லபடியாக இருந்தது. வெள்ளிக்கிழமை எங்களுக்கு வார விடுமுறை. அதனால் அவளுக்கு என் சொந்த நம்பரையே கொடுத்திருந்தேன். நான் ஒருவருக்கு நம்பர் கொடுத்தேன் என்றால் எங்கள் வீட்டில் நம்ப மாட்டார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் மலையைக் காணவில்லை. நூலகத்துப் பின் ஜன்னலில் எப்போதும் தெரிகிற மலை, வெறும் வெள்ளையாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் எல்லார் செல்போனிலும் ஒரு வீடியோ வந்தது. மெயின் அருவி, முன்னால் இருக்கிற வளைவான ஆர்ச்சைத் தாண்டிப் பாய்ந்துகொண்டிருந்தது. நூலகர் தேடிப் பார்த்து, பழைய வீடியோ என்றார். எனக்கு உயிர் வந்தது. உடனே மதினியைக் கூப்பிட்டேன்.

"வீடியோ பழசா இருந்தா இருந்துட்டுப் போவுது. இங்கன கயிறு கட்டியாச்சு" என்றாள். "மெயின் அருவிலயும் தடை, ஐந்தருவிலயும் தடை. தண்ணி காப்பி மாதிரி கலங்கி வருது. யாவாரமும் போச்சு. புலியருவில மட்டும் விட்டிருக்காவளாம்."

புலியருவி சின்னது. பிள்ளைகளும் வயதானவர்களும் பயமில்லாமல் நிற்கலாம். ஆனால் மலையில் இன்னும் மழை பெய்தால் அதையும் அடைத்துவிடுவார்கள்.

சாயங்காலம் அந்தப் பெண் பேசினாள். உள்ளதைச் சொன்னேன். "ரெண்டு அருவிலயும் தடை. புலியருவில விடுதாவ. நாலு மணி நிலவரம். நாளைக்கு எப்படின்னு எனக்குத் தெரியலம்மா."

பிறகு கேட்டாள். "வரலாமா, வேண்டாமாக்கா?"

இதுவரை அப்படி யாரும் என்னைக் கேட்டதில்லை. தண்ணீர் விழுகிறதா என்பார்கள். வருவதும் வராததும் அவர்கள் பாடு. நான் போனை மூடிக்கொண்டு நூலகரிடம் சொன்னேன்.

"அத நாம சொல்லக்கூடாதுக்கா" என்றார். "பாவம், வந்து ஏமாந்தா? நிலவரம் மட்டும் சொல்லுங்க."

"வரச்சொல்லு" என்றார் ஏட்டையா, அங்கிருந்தபடியே. "வீட்ல உக்காந்திருந்தா மட்டும் அருவி தேடிப் போவுமா?"

"ஐயா, நீங்க சும்மா இருங்க."

"நான் சும்மாதான டே இருக்கேன். ரிட்டையர் ஆகி எத்தன வருஷமாச்சு."

நான் போனைக் காதில் வைத்தேன். நூலகர் சொன்னதுதான் சரி என்று தெரியும். அதையே சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "எங்க வீட்டு ஆளுன்னா நான் கூட்டிட்டு வருவேன்மா" என்று வந்துவிட்டது.

"சரிக்கா. வாறோம்" என்று வைத்துவிட்டாள்.

அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வாசலில் நின்று மழையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு காலை நான் நூலகம் போனபோது வாசலில் ஒரு கார் நின்றது. முன் சீட்டில் ஒரு பெரியவர். தோளில் துண்டு. தலையில் நல்லெண்ணெய் வழிந்து நெற்றி பளபளத்தது. அருவிக்கு வருகிறவர்கள் எண்ணெய் தேய்த்து ஊறவைத்துக் குளிப்பது வழக்கம். இவர் அருப்புக்கோட்டையிலேயே தேய்த்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார். ஒட்ட முடி வெட்டிய ஒரு பையன் டீக்கடைக்காரரிடம் செல்போனைக் காட்டிக்கொண்டிருந்தான். மேப் அவர்களை நேராக எங்களிடம் கொண்டுவந்து விட்டிருந்தது.

பெரியவர் எங்கள் கட்டிடத்தை மேலும் கீழும் பார்த்தார். "என்னடா இது, குத்தாலம் இப்பிடி ஆயிப்போச்சு?" என்றார்.

பின் சீட்டிலிருந்து இறங்கிய பெண் என்னைப் பார்த்ததும், "போன்ல பேசுற அக்கா நீங்கதானா?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். நான் தலையை ஆட்டினேன். போனில் அவ்வளவு பேசியவளுக்கு நேரில் ஒரு வார்த்தை வரவில்லை. அந்த நேரம் பார்த்து மதினி கூப்பிட்டாள். விடியற்காலையிலேயே புலியருவியையும் அடைத்துவிட்டார்கள் என்றாள். தண்ணீர் குறைகிறதாம், அதிகாரிகள் வந்து பார்த்துத்தான் திறப்பார்களாம். திறந்தாலும் திறக்கலாம் என்றாள்.

அதை அந்தப் பெரியவர் முகத்தைப் பார்த்து நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

அவர் மகனைப் பார்த்தார். மகன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "மத்தியானம் ஒரு மணிக்குள்ள கெளம்பணும்ப்பா. அதுக்கு மேல முடியாது."

"அதுவரைக்கும் இங்க உக்காரலாமாம்மா?" என்று என்னைக் கேட்டார்.

மகன் அவரைத் தூக்கிக்கொண்டு வந்து வாசிப்பறையில் உட்காரவைத்தான். நூலகர் எண்ணெய்த் தலையைப் பார்த்துப் பதறினார். ஓடிப்போய்ப் பக்கத்திலிருந்த புத்தகங்களை எல்லாம் நகர்த்தினார். நாற்காலி முதுகில் பழைய பேப்பரை விரித்தார். பிறகு அவரே டீ வாங்கி வரச் சொன்னார். ஏட்டையா தன் பலகையைக் கொண்டுவந்து பெரியவர் முன்னால் வைத்து, "ரெண்டு விரல வச்சு விரிங்க" என்றார்.

"எனக்கு ஒரு கைதான் வேலை செய்யுது."

"ஒரு கைல ரெண்டு விரல் இருக்குல்லா? அது போதும்."

இரண்டு பேரும் செய்தி படித்தார்கள். நடுநடுவே சிரித்தார்கள். பெரியவர் பழைய சீசன்களைப் பற்றிப் பேசினார். ஏட்டையா சீசன் டியூட்டியில் நனைந்ததைப் பற்றிப் பேசினார். நூலகத்தில் இவ்வளவு சத்தமாக யாரும் பேசி நான் கேட்டதில்லை. நூலகரும் தடுக்கவில்லை. மகள் மட்டும் மாற்றுத் துணி வைத்த பையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்க்கும்போதெல்லாம் நான் மதினிக்கு போன் போட்டேன்.

"ஏட்டி, இன்னொருக்கா போன் போட்டேன்னா இத ஆத்துல தூக்கி எறிஞ்சிருவேன். தொறந்தா சொல்ல மாட்டேனா? கடையப் போட்டுட்டு இங்கன வந்து புலியருவிலதான் நிக்கேன்."

அவள் கடையை விட்டுவிட்டு அங்கே போய் நிற்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பதினொன்று ஆனது. மகன் எழுந்து வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தான். மறுபடி போய்ப் பார்த்தான். "அக்கா, கெளம்பிரலாமா?" என்று மகளிடம் மெதுவாகக் கேட்டான். பெரியவர் காதில் விழுந்தது போலும். டேப்லெட்டைத் தள்ளி வைத்தார். "போதும்மா. இவ்வளவு தூரம் வந்து சாரல் பட்டுச்சுல்ல" என்றார்.

மகன் அவரைத் தூக்கக் குனிந்தபோது என் போன் அடித்தது.

"தொறந்துட்டாவ!" மதினியின் குரல் அறைக்கே கேட்டது. "பிள்ளையளயும் வயசானவுகளயும் மட்டும் விடுதாவ. வெரசா கூட்டிட்டு வா. நின்னு யோசிச்சுக்கிட்டு நிக்காத!"

எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்தோம். "வழி காட்டணும்லாக்கா, நீங்களும் ஏறுங்க" என்றார் நூலகர். பிறகு என்ன தோன்றியதோ, பெரியவர் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து கார் டிக்கியில் வைத்தார். டிக்கி மூடவில்லை. கயிறு தேட நேரமில்லை. ஏட்டையா தன் இடுப்பு பெல்ட்டைக் கழற்றிக் கட்டினார். "வேட்டிக்கு மேல சும்மா பந்தாவுக்குத்தான் போட்டிருந்தேன்" என்றார்.

புலியருவியில் மதினி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வழியில் நின்றவர்களை எல்லாம் விலக்கிக்கொண்டிருந்தாள். "வழி விடுங்க, பெரியவர் வாராவ!" ஏதோ கோயில் சப்பரம் வருகிற மாதிரி ஜனம் ஒதுங்கியது. அங்கே நின்ற போலீஸ்காரர் நாற்காலியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "ஓரமாப் போடுங்க, நடுவுல வேண்டாம்" என்றார். மகன் அப்பாவை முதுகில் சுமந்து இறங்கினான். நாற்காலியை ஓரத்தில், தண்ணீர் மெல்லிசாக விழுகிற இடத்தில் போட்டு உட்காரவைத்தான்.

முதல் தண்ணீர் தலையில் விழுந்ததும் பெரியவருக்கு மூச்சு முட்டியது. மகள் "அப்பா!" என்று முன்னால் ஓடினாள். அவர் நல்ல கையைத் தூக்கி, வராதே என்று காட்டினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். எண்ணெய் வழிந்து தண்ணீரோடு ஓடியது. கொஞ்ச நேரம் கழித்து, நல்ல கையால் மடியில் கிடந்த மற்ற கையை எடுத்து, தண்ணீர் படும்படி நீட்டிப் பிடித்துக்கொண்டார். ஒரு பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி அந்தக் கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

"போதுமாப்பா?" என்று மகன் கத்தினான்.

"இப்பத்தானடா உக்காந்தேன்!"

மகள் என் பக்கம் திரும்பவில்லை. என் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். மதினி என் காதருகே வந்து, "ஏட்டி, நீ எதுக்கு இப்ப அழுத? சாரல்னு சொல்லப் போறியா?" என்றாள். எனக்கு நிறைவாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் விசில் ஊதினார்கள். மகன் அப்பாவைத் தூக்கிக்கொண்டான். துவட்டி, வேட்டி மாற்றி, மதினி எங்கிருந்தோ வாங்கி வந்த சுக்குக் காப்பியைக் குடிக்கவைத்தார்கள். பெரியவர் நடுங்கிக்கொண்டே சிரித்தார். ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னதாகவே கிளம்பிவிட்டார்கள். நான் நாற்காலியோடு மினிபஸ்ஸில் ஏறினேன். அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் எல்லா அருவிகளிலும் தடையை எடுத்துவிட்டார்கள். மத்தியானம் அந்தப் பெண் பேசினாள். தம்பி ரயில் ஏறிவிட்டதாகவும், அப்பாவுக்கு லேசாகச் சளி பிடித்திருப்பதாகவும், காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டதாகவும் சொன்னாள்.